ஆற்றைப் பார்த்துப் படகு

பாதி காய்ந்த நியோப்ரீனுக்கென்று ஒரு வாடை உண்டு. ரப்பரும் ஆற்று மண்ணும் பழைய வியர்வையும் சேர்ந்து புளித்த வாடை. சோப்புப் போட்டு அலசி நிழலில் உலர்த்தினாலும் அடுத்த மழைக்கு மறுபடி வந்துவிடும். சென்ற ஆடியில், கோழிக்கோடு மாவட்டத்துக் கோடஞ்சேரியை அடுத்த புலிக்கயத்தில், ஒரு ஜீப்பின் பின்கதவைத் திறந்தேன். உள்ளே ஹெல்மெட்டுகளும் லைஃப் ஜாக்கெட்டுகளும், கயாக்கின் வாயை இடுப்போடு சேர்த்து மூடும் ரப்பர் ஸ்கர்ட்டுகளும் ஈரத்தோடு குவிந்து கிடந்தன. அந்த வாடை மூக்கில் ஏறியதும் பக்கத்தில் ஓடிய சாலிப்புழையின் இரைச்சல் எனக்குக் கேட்காமல் போனது. கங்கைக் கரைச் சிவபுரியின் வெள்ளை மணலும், தார்ப்பாய்க்கு அடியில் அடுக்கி வைத்திருந்த பழைய படகுகளும்தான் கண்ணில் நின்றன.

"பெரியம்மா, இந்த மூணுல எதுங்க எனக்குச் சரியா வரும்?"

தங்கை மகள் செல்போனை நீட்டினாள். கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறாள். பெங்களூரு நண்பர்களோடு கவிழ்ந்த படகை உள்ளிருந்தபடியே நிமிர்த்தும் ரோலை நீச்சல் குளத்தில் கற்றுக்கொண்டு, ஒரு பருவம் இரவல் படகில் ஓட்டிவிட்டு, இப்போது சொந்தமாக வாங்கத் துணிந்திருக்கிறாள். திரையில் மூன்று படகுகள். ஒன்று ஆறடிக் குட்டை, தட்டையான அடி, மெலிந்த முனைகள். அடுத்தது எட்டரை அடிக்கு மேல், மூக்கும் முதுகும் உருண்டு பருத்தது. மூன்றாவது ஒன்பதடி, முன்பாதி பருத்திருக்க, பின்பாதி மட்டும் தட்டையாக மெலிந்து போனது. அவள் விரல் முதல் படத்தைவிட்டு நகரவில்லை. வீடியோக்களில் அலைமேல் நின்று குட்டிக்கரணம் போடுவது அந்தப் படகுதானே.

"எந்த ஆத்துல ஓட்டப் போற கண்ணு? அதை முதல்ல சொல்லு" என்றேன்.

அது என் கேள்வி இல்லை. பைஜியின் கேள்வி.

அவரிடம் கயாக் கற்றுக்கொண்ட நாளில் எனக்குத் தில்லியில் உத்தியோகம். வெள்ளிக்கிழமை இரவு காஷ்மீரி கேட்டில் ரிஷிகேஷ் பஸ் ஏறினால், விடிகாலைக் குளிரில் இறங்கி, ஒரு கிளாஸ் இஞ்சி டீ குடித்துவிட்டு, பத்ரிநாத் சாலையில் போகிற ஏதாவது ஒரு ஜீப்பில் தொற்றிக்கொண்டு சிவபுரி போய்விடலாம். கங்கைக் கரையில் அந்த நாளில் மணலிலேயே முகாம்கள் இருந்தன. கூடாரம், ராந்தல் விளக்கு, ராத்திரி முழுக்கத் தலைமாட்டில் ஆற்றின் சத்தம். 2015இல் பசுமைத் தீர்ப்பாயம் கவுடியாலாவிலிருந்து ரிஷிகேஷ் வரை கரையில் முகாம் போடக் கூடாது என்று தடுத்த பிறகு எல்லாம் மேட்டுக்கு ஏறிவிட்டன. மணலுக்கும் ஆற்றுக்கும் அது நல்லதே. ஆனாலும், கண் விழித்ததும் பத்தடி தூரத்தில் பச்சைக் கண்ணாடி நிறத்தில் கங்கை ஓடுவதைப் பார்த்த காலம் ஒன்று இருந்தது.

எங்களுக்குக் கற்றுக்கொடுத்தவரைப் பைஜி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம், கட்வாலியில் அண்ணன். ராஃப்ட் ஓட்டுகிற கைடாக இருந்து, வெளிநாட்டுக்காரர்களைப் பார்த்துப் பார்த்துக் கயாக் பிடித்தவர். அவர் முகாமில் இருந்த படகுகள் எல்லாமே யாரோ விட்டுப்போனவை. நேபாளத்திலும் கட்வாலிலும் ஆறு ஓட்ட வந்தவர்கள், திரும்பும்போது விமானத்தில் ஏற்றிக்கொண்டு போகிற செலவுக்குப் பயந்து, வந்த விலைக்குத் தள்ளிவிட்டுப் போவார்கள். பெர்செப்ஷன் கம்பெனியின் டான்சர் ஒன்று இருந்தது. பதினொன்றரை அடி நீளம், வெயிலில் வெளுத்த சிவப்பு. கண்ணாடியிழையில் செய்த ஸ்லாலம் பந்தயப் படகு ஒன்று, நான்கு மீட்டர், வயிறெல்லாம் ஒட்டுப் போட்டது. ஸ்லாலம் பந்தய விதி அந்நாளில் நான்கு மீட்டருக்குக் குறையக் கூடாது என்றது. அதைப் பார்த்தே ஊரில் எல்லாப் படகும் நீண்டு கிடந்தன. பின்னால், 2005இல்தான் அந்த அளவை மூன்றரை மீட்டராகக் குறைத்தார்கள்.

நான் ஆசையோடு தொட்டது அந்த ஸ்லாலம் படகைத்தான். கையில் எடுத்தால் கனமே தெரியாது. பைஜி ஆற்றைக் காட்டினார்.

"பஹன், நீ ஓட்டப் போவது இந்தக் கங்கையைத்தானே?"

"ஆமாம் பைஜி."

"அப்படியானால் கங்கையைக் கேட்டுக்கொண்டு எடு. இங்கே ஆழம் உண்டு, அகலம் உண்டு, பாறை இடிப்பது குறைவு. உனக்கு வேண்டியது ஓட்டம். நேராகப் போகிற, அலை வந்தால் ஏறி இறங்குகிற, விழுந்தால் உடையாத படகு." டான்சரின் முதுகில் தட்டினார். பிளாஸ்டிக் மந்தமாக ஒலித்தது.

1970களில்தான் அமெரிக்காவில் பாலிஎதிலீன் தூளை அச்சில் போட்டு, சுடவைத்துச் சுழற்றிப் படகு வார்க்கத் தொடங்கினார்கள். அதற்கு முன் கண்ணாடியிழை. அதற்கும் முன் ஜெர்மனியில் மடித்து எடுத்துப்போகும் துணிப்படகு. 1976இல் மைக் ஜோன்ஸ் தலைமையில் பிரிட்டிஷ்காரர்கள் எவரெஸ்ட் அடிவாரத்திலிருந்து தூத்கோசியில் இறங்கியது கண்ணாடியிழைப் படகில்தான். அந்தப் பயணத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் பைஜியின் குரல் தாழ்ந்துவிடும். பாறையில் ஒரு மோது மோதினால் வயிறு கிழிகிற படகில் அந்த ஆறு! பிளாஸ்டிக் வந்த பிறகு எங்களைப் போன்ற சாதாரணர்களும் பாறைக்கு அஞ்சாமல் ஆற்றில் இறங்க முடிந்தது. கயாக் வரலாற்றில் இதைவிடப் பெரிய மாற்றம் எனக்குத் தெரியவில்லை.

டான்சர் என்னைவிட மிகப் பெரிய ஆளுக்கு வார்த்தது. எண்பது தொண்ணூறு கிலோ ஐரோப்பியர் உட்கார வேண்டிய இருக்கையில் ஐம்பது கிலோகூட இல்லாத நான் உட்கார்ந்தால், அண்ணன் சட்டையைப் போட்டுக்கொண்ட தம்பி மாதிரி இருந்தது. இடுப்புக்கு இரண்டு பக்கமும் கை நுழையும் இடைவெளி. நான் இடுப்பைச் சாய்த்தால் படகு சாயவில்லை. உள்ளே நான் மட்டும் சரிந்தேன்.

அன்று மதியம் பைஜி செய்த வேலையை இப்போதும் ஒவ்வொரு அசைவாகச் சொல்ல முடியும். பழைய ஃபோம் படுக்கை ஒன்றைத் தேடி எடுத்தார். என்னைப் படகில் உட்காரவைத்து, இடைவெளியில் உள்ளங்கையை நிறுத்தி அளந்தார். காய்கறி நறுக்கும் கத்தியைத் தண்ணீரில் நனைத்து நனைத்து, ஃபோமை அடுக்கடுக்காக அறுத்தார். நனைக்காவிட்டால் கத்தி இழுக்கும், விளிம்பு பிய்யும். ஒவ்வொரு துண்டிலும் ரப்பர் பசை தடவி, ஒட்டாமல் காற்றில் பிடித்துக்கொண்டிருந்தார். தொட்டால் விரலில் ஒட்டாத பதம் வந்த பிறகே ஒன்றின்மேல் ஒன்றை வைத்து அழுத்தினார். முதலில் இடுப்புக்கு. பிறகு தொடை மடங்கி மேல்தளத்தைத் தொடும் இடத்துக்கு. குதிகாலுக்கு அடியில் தேய்ந்துபோன ஹவாய் செருப்பின் ஒரு துண்டு. கடைசியாக, என்னைத் திரும்ப உட்காரவைத்து, மணலில் படகை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்க்கச் சொன்னார். இப்போது நான் இடுப்பை அசைத்ததும் பதினொன்றரை அடிப் படகும் கூடவே அசைந்தது.

"இறுக்கமாக இருக்கிறதா?"

"கொஞ்சம்."

"கால் மரத்துப்போனால் கூடுதல். தலைகீழாகத் தொங்கும்போது நழுவாமல் இருந்தால் சரி. ஆனால் ஸ்கர்ட்டை இழுத்ததும் வெளியே விழ வேண்டும். அதையும் இப்போதே பார்த்துவிடுவோம்."

முழங்கால் ஆழத் தண்ணீரில் கவிழ்த்துப் பார்த்தோம். விழுந்தேன். அவருக்குத் திருப்தி.

பிறகுதான் நீர்மட்டம். கரையோரத் தேங்கலில் என்னை மிதக்கவிட்டு, அவர் பாறைமேல் குந்தி உட்கார்ந்து பார்த்தார். வார்ப்புப் படகின் பக்கவாட்டில் அடித்தட்டும் மேல்தட்டும் சேருமிடத்தில் அச்சின் கோடு ஒன்று ஓடும். தண்ணீர் அந்தக் கோட்டுக்குச் சில விரற்கடை கீழே நின்றால் ஆளும் படகும் பொருத்தம். கோட்டையே முக்கினால் படகு சிறிது. வருகிற சுழலெல்லாம் பின்பக்கத்தைப் பிடித்து இழுக்கும். தொடாமல் வெகு கீழே நின்றால் படகு பெரிது. காற்றும் அலையும் ஓட்டும், ஆள் ஓட்ட முடியாது. மூக்கும் வாலும் ஒரே உயரத்தில் இருக்கிறதா என்றும் பார்த்தார். வால் தாழ்ந்திருந்தது. இருக்கையின் திருகைத் தளர்த்தி ஒரு அங்குலம் முன்னால் தள்ளியதும் படகு சமமாக நின்றது. ஒரு அங்குலம்தான், ஆனால் அன்று மாலை ஆற்றில் அந்தப் படகு வேறு படகாகத் திரும்பியது.

சிவபுரிக்குக் கீழே கங்கையில் ரோலர் கோஸ்டர் என்று ஓர் இடம். ஒன்றன்பின் ஒன்றாக உயரமான அலைகள். நீளப் படகு அங்கே சுகம். தண்ணீரில் படுகிற நீளம் கூடக் கூட வேகம் கூடும். வேகம் இருந்தால் அலை உச்சியைத் தாண்டி மறுபக்கம் இறங்கிவிடலாம். கரைவிட்டுக் கரை குறுக்கே போகவும் அந்த வேகம் உதவும். உருண்டையான அடிப்பாகம், கூர்மையில்லாத விளிம்பு. பாறைக்குப் பின்னால் ஆறு திரும்பி மேல்நோக்கி நகரும் அமைதியான இடத்தை எடி என்பார்கள். எடிக்கும் ஓடுகிற நீருக்கும் நடுவே உள்ள கோட்டைத் தாண்டும் நொடியில்தான் புதியவர்கள் கவிழ்வார்கள்; மேலிருந்து வரும் நீர் படகின் மேல்புற விளிம்பைப் பிடித்து உருட்டிவிடும். விளிம்பு மழுங்கியிருந்தால் ஆறு பிடிக்க இடம் கிடைப்பதில்லை. கற்றுக்கொள்கிறவளுக்கு அந்த மன்னிப்பு வேண்டியிருந்தது.

பவானிக்கு மேலே காவிரியில் பரிசலில் அக்கரை போய் வளர்ந்தவள் நான். பரிசலுக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. பரிசல்காரர் ஒரே துடுப்பை முன்னால் போட்டு இழுத்து இழுத்துத்தான் அதை ஒரு திசைக்குப் பழக்குவார். கை ஓய்ந்த நொடியில் அது தன்பாட்டுக்குச் சுற்றும். அந்தச் சுற்றலைச் சின்ன வயதிலேயே உட்கார்ந்து அனுபவித்ததால், நீளம் எதற்கு என்று பைஜி சொல்லும்போது எனக்கு விளக்கமே தேவைப்படவில்லை.

பிறகு ஒரு குளிர்காலம் வந்தபோது முகாமின் பேச்சே மாறியிருந்தது. வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் எட்டடி, ஏழடிப் படகுகளோடு வந்தார்கள். அடுத்தடுத்த ஆண்டுகளில் ஆறடிக்கும் இறங்கியது. அடிப்பாகம் பலகைபோலத் தட்டை. பக்க விளிம்பு கூர்மை. தட்டையடி அலையின் சரிவில் வழுக்கிக்கொண்டு நிற்கும். ஆறு கீழே ஓட, படகு ஒரே இடத்தில் நின்று, திரும்பி, செங்குத்தாக எழுந்து நடனமாடும். பிளேபோட் என்றார்கள். நீளப் படகுகளைத் திரும்பிப் பார்க்க ஆளில்லை. பைஜியின் டான்சர் மழைத்தண்ணீர் பிடித்துவைக்கும் தொட்டியாகக் கொஞ்ச நாள் கிடந்தது.

நானும் ஒரு பருவம் முழுக்கப் பிளேபோட்டில் இருந்தேன். அலைமேல் முதல்முறை நின்றபோது அடைந்த மகிழ்ச்சிக்கு ஈடாக வேறெதையும் சொல்ல மாட்டேன். அதில் கவிழாமல் ஒரு நாளும் கழியாது. அதனாலேயே ரோல் எலும்பில் ஏறிவிடும். முனைகளில் காற்றுக் குறைவு என்பதால் தலைகீழானதும் எழுப்புவது லேசு. ஆனால் ஆற்றின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போவதற்கு அது தோது இல்லை. குட்டை, ஆகவே மெது. பெரிய அலைத்தொடரில் மூக்கு புதையும். அமைதி நீரில் மைல் கணக்கில் துடுப்புப் போட்டே தோள் கழன்றுவிடும். ஒரே அலையருகே காலை முதல் மாலை வரை இருக்கிறவர்களுக்கு, கைக்குள் ரோல் வந்துவிட்டவர்களுக்கு, அது உகந்தது. முதல் படகாக அதை வாங்கு என்று நான் யாருக்கும் சொன்னதில்லை.

பைஜி அந்தக் காலத்தில் கடைசிவரை குட்டைப் படகில் உட்காரவில்லை. டெஹ்ரி அணை வந்து, 2006இல் மின்சாரம் எடுக்கத் தொடங்கிய பிறகு, கங்கையின் மட்டம் ஒரே நாளில் ஏறி இறங்குவதாயிற்று. காலையில் இருந்த அலை சாயங்காலம் இருக்காது. "அலைக்கு வாங்கிய படகு, அலை போனால் எதற்கு?" என்பார். ஆறு முழுவதையும் ஓட்ட ஒரு படகு, அது போதும் என்பதே அவர் கட்சி. நடுவாந்தரமான ரிவர் ரன்னர் படகுகள், எட்டு ஒன்பதடியில், சற்றுத் தட்டையடியும் மிதமான விளிம்புமாக வரத் தொடங்கியபோது முதலில் வாங்கியவர் அவர்தான்.

புலிக்கயத்தில் மழை பலத்தது. தங்கை மகள் பதில் யோசித்துக்கொண்டிருந்தாள். நான் அவளை ஆற்றோரம் கூட்டிப்போனேன்.

சாலிப்புழையைப் பார்த்துவிட்டுக் கங்கையை நினைத்தால் இரண்டையும் ஆறு என்று ஒரே பெயரில் அழைப்பதே ஆச்சரியமாக இருக்கும். வெயில் காலத்தில் பாறைகளுக்கு நடுவே பிள்ளைகள் குளிக்கிற ஓடை. கர்க்கடக மழை விழுந்தால் மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கலங்கி இறங்குகிறது. குறுகலான வழி, கல்லுக்குக் கல் திருப்பம், இடையிடையே சட்டென்று விழும் படிகள். அது இருவஞ்ஞிப்புழையில் கலந்து, அங்கிருந்து சாலியாறாகிக் கடலுக்குப் போகிறது. 2013 முதல் மலபார் ரிவர் ஃபெஸ்டிவல் நடப்பது இந்த ஆறுகளில்தான். வருகிற கயாக்காரர்களில் ஐரோப்பியர், நேபாளிகள், ரிஷிகேஷ் பையன்கள், பெங்களூர்க்காரர்கள் எல்லாரும் உண்டு. கரையில் குடை பிடித்து ஊரே நிற்கிறது. டீக்கடைச் சேச்சி ஒருவர், தான் சிறுமியாக இருந்தபோது மழைக்காலத்தில் ஆற்றோரம் போனால் அம்மா பிரம்பெடுப்பார் என்றார். இப்போது அவருடைய பேரன் ஹெல்மெட் போட்டுக்கொண்டு அதே மழைக்காலத்துக்காகக் காத்திருக்கிறான்.

இங்கே பைஜியின் டான்சரை இறக்கினால்? நீளமும் கூர்மூக்கும் அந்தக் காலத்தில் மலைஓடைகளில் உயிரைக் குடித்தவை. படியிலிருந்து விழும்போது மூக்கு இரண்டு கல்லுக்கு நடுவே செருகிக்கொள்ளும். மேலிருந்து வரும் நீர் ஆளைப் படகோடு அழுத்திப் பிடிக்கும். ஆள் உட்காரும் காக்பிட்டின் வாயும் அன்று சிறியது. முழங்காலைத் தூக்கி வெளியே எடுக்க இடமில்லை. 1980களின் பிற்பகுதியிலிருந்துதான் சாவித் துவாரம்போல் நீண்ட வாய் வழக்கத்துக்கு வந்தது.

திரையில் இரண்டாவதாக இருந்த பருத்த படகு, கிரீக் போட், இந்த மாதிரி ஆற்றுக்கென்றே பிறந்தது. மூக்கு மழுங்கல், எங்கும் செருகாது. முன்பக்கம் நன்றாக மேல்நோக்கி வளைந்திருப்பதால் படியிறங்கியதும் புதையாமல் மேலே வரும். நடு அளவில் ஏறக்குறைய முந்நூறு லிட்டர் கொள்ளளவு. நீர் திரும்பிச் சுழலும் ஹோல் என்ற குழிக்குள் அமுங்கினாலும் ஆற்றுக்கு நெடுநேரம் பிடித்துவைக்க முடியாது. உள்ளே நடுத்தூணாக ஃபோம் நின்று, மேல்தட்டு நசுங்கிக் காலை அழுத்தாமல் காக்கும். காலுக்கு எதிரே முழுத்தட்டு; பாறையில் நேராக மோதினாலும் பாதம் வழுக்கி முன்னால் போய்ச் சிக்காது. முன்னும் பின்னும் காக்பிட் ஓரத்திலும் கனத்த கைப்பிடிகள் இருக்கும். சிக்கிய படகைக் கயிறு கட்டி இழுக்க அவை வேண்டும். அழகு பார்த்து வாங்குகிறவர்கள் இந்தக் கைப்பிடிகளைக் கவனிப்பதே இல்லை என்பது எனக்குத் தீராத மனக்குறை.

மூன்றாவது படகைப் பற்றியும் அவளுக்குச் சொன்னேன். ஹாஃப் ஸ்லைஸ் என்று இப்போது எங்கும் அதுதான் பேச்சு. பின்பாதியில் காற்றில்லை, வேண்டுமென்றே வாலைத் தண்ணீரில் அமிழ்த்தி மூக்கை வானத்துக்குத் தூக்கலாம். தெரிந்த ஆற்றை விளையாட்டாக்கும். ரிஷிகேஷில் பார்த்தால் பழைய நீளம் திரும்பி வந்துவிட்டதோ என்று தோன்றும். பதினொன்றிலிருந்து ஆறுக்கு இறங்கி மறுபடி ஒன்பதுக்கு ஏறியிருக்கிறது. ஆனால் மெலிந்த வால் எடிக்கோட்டில் பிடிபடும். தப்பை உடனே காட்டிக்கொடுக்கிற படகு. அதனாலேயே இரண்டு பருவத்துக்குப் பிறகு அவள் வாங்க வேண்டியது அதுதான் என்பது என் எண்ணம். பருத்த படகிலேயே காலம் முழுக்க இருந்துவிட்டால் அது செய்கிற உபகாரத்தை நம் திறமை என்று எண்ணிக்கொள்வோம்.

ரோல் வராதவர்கள் காற்றடிக்கும் டக்கியில் இறங்கட்டும். கவிழ்ந்தால் விழுந்து எழுந்து ஏறிக்கொள்ளலாம். தண்ணீர் தானே வடிந்துவிடும். அதில் குறைவு ஒன்றுமில்லை.

"பெரியம்மா, மழைக்கு இங்க வருவேனுங்க. மத்த நாள்ல தாண்டேலி, கொலாடு. ரிஷிகேஷுக்கு வருசத்துக்கு ஒருக்கா."

"அப்ப நடுத்தரமா விளிம்பு இருக்கிற கிரீக் போட்டு, சின்ன சைஸு. இருக்கிறதுலயே குண்டானது வேண்டாம் கண்ணு. நீ ஐம்பது கிலோ. குண்டுப் படகுல உன் இடுப்பு சொல்றதை அது கேக்காது."

இந்த விஷயத்தில் காலம் நன்றாகவே மாறியிருக்கிறது. எனக்கு ஃபோம் படுக்கையை அறுக்க வேண்டியிருந்தது. இன்று பெரும்பாலான கம்பெனிகள் ஒரே படகைச் சின்னது, நடு, பெரிது என்று வார்க்கின்றன. ஃப்ரீஸ்டைல் உலகச் சாம்பியன் எரிக் ஜாக்சன் சொந்தமாகப் படகு செய்யத் தொடங்கியபோது குழந்தைகளுக்கான அளவிலும் செய்தார். லேசான ஆளுக்கும் ஒரு படகு உண்டு என்பதை உலகம் ஒப்புக்கொள்ள இத்தனை காலம் ஆகியிருக்க வேண்டியதில்லை.

புதிதாக வாங்கினால் வெளிநாட்டு விலையே லட்சத்தைத் தாண்டும். இறக்குமதி வரியும் சரக்குக் கூலியும் அதற்கு மேல். எனவே கைமாறிய படகுதான் பார்த்தோம். விழாவுக்கு வந்த ஒருவர் தம் படகை விற்க இருந்தார். மேல்புறம் பளபளவென்று இருந்தது. நான் முதலில் கவிழ்க்கச் சொன்னேன். தேய்மானம் எப்போதும் இருக்கைக்கு நேர் அடியில்தான் தெரியும். ஆளின் பாரமெல்லாம் அங்கே இறங்குவதால் பாறை அங்கேதான் சீவும். கட்டைவிரலால் அழுத்தினேன். நெகிழவில்லை. உள்ளே செல்போன் விளக்கைப் போட்டுவிட்டு வெளியே குனிந்து பார்த்தேன். வெளிச்சம் ஓரிடத்தில் மட்டும் அதிகமாக ஊடுருவினால் பிளாஸ்டிக் அங்கே தாள் கனம் ஆகிவிட்டது என்று பொருள். அப்படி இல்லை. வடிகால் அடைப்பைச் சுற்றி, காக்பிட் விளிம்பைச் சுற்றி, திருகுத் துளைகளில் விரிசல் தேடினேன். வாலருகே ஒரு பள்ளம் இருந்தது. அது பொருட்டில்லை. நல்ல வெயிலில் அரை நாள் வைத்தால் பாலிஎதிலீன் தன் பழைய வடிவத்துக்கு எழும்பிவிடும். வெயில் வர வேண்டுமே, அவ்வளவுதான்.

விற்பவரும் பொறுமைசாலி. படகைப் பாலத்துக்குக் கீழே தேங்கலில் இறக்கிக்கொடுத்தார். நான் பாறைமேல் குந்தி உட்கார்ந்தேன். அவள் மிதந்தாள். தண்ணீர் அச்சுக்கோட்டுக்கு மூன்று விரற்கடை கீழே. மூக்கும் வாலும் சமம்.

"இடது பக்கம் சாஞ்சு நில்லு. கையால இல்ல, இடுப்பால."

படகு சாய்ந்து, விளிம்பில் நின்று, நின்றபடியே மிதந்தது. அவள் முகத்தில் வந்த மாற்றத்தைப் பார்த்து, ஆறடிப் படகின் பெயரை நான் மறுபடி எடுக்கவில்லை, அவளும் எடுக்கவில்லை. அப்படியே எடிக்கோட்டைத் தாண்டி ஓட்டத்துக்குள் நுழைந்து, ஒரு பாறையைச் சுற்றி அடுத்த எடியில் போய் ஒதுங்கினாள். கரையில் நின்ற பையன் ஒருவன் விசிலடித்தான்.

பணம் கைமாறியது. இடுப்புக்கு இரண்டு விரல் கன ஃபோம் மட்டும் கூடுதலாகத் தேவைப்பட்டது. இப்போது அதற்கென்றே நறுக்கிய துண்டுகள் பையில் வருகின்றன. பசை தடவும் வேலையும் கிடையாது, திருகினால் போதும். ஜீப்பில் கட்டும்போது மட்டும், கயிற்றை இறுக்கி வெயிலில் விடாதே, அடிப்பாகம் குழிந்துவிடும், வீட்டில் நிறுத்தி வை அல்லது பட்டையில் தொங்கவிடு, தரையில் படுக்கப்போடாதே என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அவள் எல்லாவற்றுக்கும் "சரிங்க பெரியம்மா" என்றாள்.

கோயம்புத்தூருக்குத் திரும்பும் வழியில், பாலக்காட்டைத் தாண்டியதும், துடுப்பைப் பற்றிக் கேட்டாள். பைஜி காலத்துத் துடுப்புகளில் இரண்டு இலைகளும் ஒன்றுக்கொன்று 90 பாகை திருகியிருக்கும். ஒவ்வொரு வீச்சுக்கும் மணிக்கட்டை மடக்கி நிமிர்த்தி, சாயங்காலம் சப்பாத்தி பிய்க்க வராது. இப்போது 30 பாகை. அவளுக்கு நீளம் 191 சென்டிமீட்டர் போதும் என்றேன். உடனே பெங்களூரில் ஒருவருக்குப் போன் செய்தாள். 197தான் கையிருப்பில் இருக்கிறதாம், அடுத்த சரக்கு வர இரண்டு மாதம் ஆகுமாம்.

"ஆறு சென்டிமீட்டர்தானுங்களே பெரியம்மா, வாங்கிக்கட்டுங்களா?"

"வேண்டாம் கண்ணு. அதுவரைக்கும் என்னோடதை எடுத்துக்க."

உயரம் எங்கள் இருவருக்கும் ஒன்றே.